ஐந்து கட்டங்கள், ஒரே உடம்பு: ஜூலை வெயிலில் ஓ-ரிங்கன்

ஸ்வீடனில் ஆண்டுதோறும் ஜூலையின் பிற்பாதியில் நடக்கும் ஓ-ரிங்கன் போட்டிக்கு நீங்கள் பெயர் கொடுத்துவிட்டீர்கள் என்ற எண்ணத்தோடு இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். வரைபடம் பார்த்து வழி கண்டுபிடித்து ஓடும் ஓரியன்டீரிங் விளையாட்டில், பியோ பெங்ட்சன், சிவார் நில்சன் என்ற இருவர் 1965இல் தொடங்கிவைத்த ஐந்து நாள் போட்டி அது. முதல் ஆண்டு 156 பேர் ஓடினார்கள். இருபதே ஆண்டுகளில், 1985இல் ஃபாலுன் நகரில், 25,000 பேருக்கு மேல் திரண்டார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கும் பிரிவு உண்டு, எண்பதைத் தாண்டிய தாத்தா பாட்டிகளுக்கும் பிரிவு உண்டு. ஐந்து கட்டங்களிலும் எடுத்த நேரத்தைக் கூட்டித்தான் இடம் தீர்மானிப்பார்கள். வாரத்தின் நடுவே ஒரு நாள் ஓய்வு.

ஸ்வீடன் என்றால் நமக்குக் குளிர்தான் நினைவுக்கு வருகிறது. ஜூலை பகல்கள் பல ஆண்டுகளில் இதமாகவே இருக்கும். ஆனால் 30 டிகிரியைத் தொடும் வாரங்களும் வருகின்றன. 2018இல் ஓ-ரிங்கன் வடக்கே ஹோகா குஸ்டென் கடற்கரைப் பகுதியில் நடந்தது. அந்த ஜூலையில் நாடு முழுவதையும் வெப்ப அலை பிடித்துக்கொண்டது. பல இடங்களில் காடுகள் பற்றி எரிந்தன. அப்படி ஒரு வாரம் உங்களுக்கும் வாய்க்கலாம். அதற்கு ஆயத்தமாகப் போகிறவருக்கு இதமான வாரம் கிடைத்தால் நஷ்டம் ஒன்றுமில்லை.

இந்த விளையாட்டில் வெயில் செய்யும் கெடுதல் மாரத்தானில் செய்வதைப் போன்றதன்று. மாரத்தான்காரர் வெயிலில் மெதுவாக ஓடினால் அந்த மெதுவுக்கான நேரத்தை மட்டும் இழப்பார். நமக்கோ கையில் வரைபடம் இருக்கிறது. உடம்பில் நீர் குறைந்து சூடு ஏறும்போது கால் தளர்வதற்கு முன்பே கவனம் தளர்ந்துவிடுகிறது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 6 கிலோமீட்டர் பாதையில் கிலோமீட்டருக்கு 30 விநாடி மெதுவாக ஓடினால் மொத்த இழப்பு 3 நிமிடம். ஒரு மேட்டைத் தவறாக அடையாளம் கண்டு, கன்ட்ரோல் எனப்படும் கொடி நட்ட இடத்தை அது இல்லாத பச்சைப் புதருக்குள் தேடிச் சுற்றினால் ஒரே இடத்தில் 5 நிமிடமும் போகும், 10 நிமிடமும் போகும். ஆகவே வெயில் நாளில் காலின் வேகத்தைக் கொடுத்துத் தலையின் தெளிவை வாங்கிக்கொள்ள வேண்டும். மற்ற அறிவுரைகள் எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன.

நாம் பார்க்காத வெயிலா?

சென்னையிலோ மதுரையிலோ வளர்ந்தவர்கள் இப்படித்தான் கேட்பார்கள். 40 டிகிரியில் பேருந்துக்குக் காத்து நின்றவர்களுக்கு 30 டிகிரி ஒரு பொருட்டா என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஓடுகிறவருக்கு முதல் அடுப்பு அவருடைய தசைதான். தசை எரிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் அசைவாக மாறுகிறது. மீதியெல்லாம் வெப்பம். பாறையும் சரிவும் நிறைந்த காட்டில் முழு மூச்சாக ஓடும்போது உள்ளே உண்டாகும் அந்த வெப்பத்தை வியர்வை வெளியேற்றியாக வேண்டும். அதோடு, நம் ஊர் ஓட்டக்காரர்கள் பெரும்பாலோர் விடிகாலை ஐந்து மணிக்கு ஓடி முடித்துவிட்டுப் பகல் முழுவதும் ஏசி அறையில் இருப்பவர்கள். வெயிலில் பிறந்தவர்கள் என்பதற்காக அவர்களுடைய உடம்பு வெயிலில் உழைக்கப் பழகியிருக்கும் என்று சொல்ல முடியாது.

பழக்கினால் உடம்பு கேட்கும். 10 முதல் 14 நாள் தொடர்ந்து, நாளுக்கு ஒரு மணி நேரம், வெயிலேறிய பிறகு மெதுவாக ஓடுங்கள். சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதில் உப்புக் குறையும், அதே வேகத்துக்கு நாடித்துடிப்பு இறங்கும். ஆனால் பழக்கத்தை விட்டால் சில வாரங்களில் இந்தப் பலன் கரைந்துவிடும் என்பதால் பயணத்துக்கு முந்தைய இரண்டு வாரமே இதற்கு ஏற்ற காலம். குளிர்நாட்டில் வசிக்கும் தமிழர்கள் கூடுதல் சட்டை போட்டு ஓடியும், ஓடி முடித்ததும் வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்தும் இதில் ஓரளவைப் பெறலாம்.

அந்த நாட்களிலேயே உங்கள் வியர்வையை அளந்து வையுங்கள். ஓடுவதற்கு முன் ஆடையின்றி எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடி, துடைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். இடையில் குடித்ததையும் சேர்த்தால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. மணிக்கு அரை லிட்டர் வியர்ப்பவரும் உண்டு, ஒன்றரை லிட்டர் வியர்ப்பவரும் உண்டு. எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லப்படும் குடிநீர்க் கணக்கைவிட உங்களுடைய இந்த ஒரு எண் பயனுள்ளது.

முழுக்கால் உடை

வெயில் என்றதும் அரைக்கால் சட்டையை எடுத்துவைக்கத் தோன்றும். காடுகளில் ஓரியன்டீரிங் ஓடும்போது கால்களை மூடுவது ஸ்வீடனில் ஊறிப்போன வழக்கம். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1950களின் இறுதியிலும் 1960களிலும் அந்நாட்டு ஓரியன்டீரிங் வீரர்களிடையே ஹெபடைடிஸ் பரவி 500 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். முட்செடி கிழித்த கால்களும், ஓடி முடித்துப் பலர் ஒரே தண்ணீரில் கழுவிக்கொண்டதும் காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. அதன் பிறகே உடம்பை மூடும் விதி வந்தது. இன்று உண்ணிகளும் ஒரு காரணம். லைம் நோயையும் உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சலையும் அவை கொண்டுவரும். இரண்டாவதற்குத் தடுப்பூசி உண்டு. தவணைகளுக்கு இடையே வாரக்கணக்கில் இடைவெளி தேவைப்படுவதால் இளவேனிலிலேயே மருத்துவரைப் பாருங்கள். லைமுக்கு அப்படி நமக்குக் கிடைக்கும் தடுப்பூசி இல்லை. தினமும் மாலையில் கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதின் பின்புறம் என்று உடம்பை முழுக்கத் தடவிப் பார்ப்பதே வழி.

ஆகவே மெல்லிய நைலான் முழுக்கால் சட்டையும், காற்றோட்டமுள்ள தளர்வான மேல்சட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிர் நிறமாக இருந்தால் உண்ணி கண்ணில் படும். பருத்தி வேண்டாம், நனைந்தால் கனத்து ஒட்டிக்கொள்ளும். நெற்றியில் துணிப்பட்டை கட்டாயம். இதைச் சிறிய விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். உப்பு வியர்வை கண்ணில் இறங்கினால் சம உயரக் கோடுகளைப் படிக்க முடியாது. சன்ஸ்கிரீன் களிம்பை நெற்றியில் பூசினாலும் அதே தொல்லைதான். கழுத்துக்கும் கன்னத்துக்கும் காதுகளுக்கும் பூசி, நெற்றியைத் துணியால் மறையுங்கள்.

தொடக்கத்துக்கு முன்

கூடாரங்கள் நிற்கும் திடலிலிருந்து தொடக்க இடம் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். அந்த நடையும், அங்கே வரிசையில் நிற்பதும் திறந்த வெயிலில் நடக்கும். பலர் போட்டியை அங்கேயே பாதி தோற்றுவிடுகிறார்கள். ஒரு பாட்டில் நீரும் ஒரு பழைய துண்டும் கொண்டுபோங்கள். துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு மரநிழலில் உட்காருங்கள். வெயில் நாளில் உடம்பைச் சூடேற்றும் பயிற்சி ஐந்து நிமிட மென்னோட்டம் போதும், அதுவும் நிழலில். கடைசி நிமிடத்தில் தொப்பியை நனைத்துத் தலையில் வைத்துக்கொண்டு அழைப்புக்குப் போங்கள்.

தொடக்க நேரம் நாளுக்கு நாள் மாறும் என்பதை மறந்துவிடக் கூடாது. இரண்டாம் கட்டத்தில் மதியம் 1 மணிக்கு ஓடுகிறவர் மூன்றாம் கட்டத்தில் காலை 9 மணிக்கே ஓட வேண்டியிருந்தால் நடுவே இருப்பது 20 மணி நேரம்தான். பட்டியல் வெளியானதும் ஐந்து நேரங்களையும் ஒரு தாளில் எழுதி, எந்த இடைவெளி மிகக் குறுகியது என்று குறித்துவையுங்கள். அந்த இடைவெளிக்கு முந்தைய ஓட்டத்தில்தான் அடக்கி ஓட வேண்டும்.

காட்டுக்குள்

முதல் கன்ட்ரோல் வரை நடப்பவர்போல் ஓடுங்கள். முதல் பத்து நிமிடத்தில் ஏறும் சூடு கடைசிவரை இறங்காது. இதைவிட முக்கியமானது வழித் தேர்வு. வெயில் நாளில் வரைபடத்தின் நிறங்களை வேறு கண்ணால் படிக்க வேண்டும். மஞ்சள் நிறம் திறந்த வெளி. சாதாரண நாளில் அது வேகமான வழியாகத் தோன்றும். ஸ்வீடன் காடுகளில் வெளிர் மஞ்சள் பெரும்பாலும் மரம் வெட்டிய இடம். அங்கே வெட்டிப் போட்ட கிளைகள் கிடக்கும், புல் முழங்கால்வரை வளர்ந்து கற்களை மறைத்திருக்கும், மேலே நேர் வெயில் அடிக்கும். 200 மீட்டர் அதைக் குறுக்கே கடப்பதைவிட, வரைபடத்தில் வெள்ளையாக இருக்கும், ஓடத்தக்க காட்டின் நிழலில் 300 மீட்டர் சுற்றிப்போவது எனக்குச் சரியாகப் படுகிறது. நேரம் கொஞ்சம் கூடினாலும் அடுத்த கன்ட்ரோலுக்குத் தெளிந்த தலையோடு போய்ச் சேரலாம். மேடுகளின் உச்சியில் மொட்டைப் பாறை நிற்கும் பகுதிகளும் அப்படியே. பைன் மரங்கள் அங்கே இடைவெளிவிட்டு நிற்பதால் நிழல் குறைவு, பாறை அனலைத் திருப்பி அடிக்கும். பள்ளத்தை ஒட்டி அடர்ந்து வளர்ந்த ஸ்ப்ரூஸ் மரங்களுக்குக் கீழே காற்று குளிர்ந்திருக்கும்.

நீரைக் காட்டும் நீல நிறத்தை நம்புவதில் எச்சரிக்கை வேண்டும். வரைபடம் வரையப்பட்டது சாதாரண ஆண்டில். வறண்ட கோடையில் வாய்க்கால் வற்றி வெறும் கோடாகிவிடும். ஓடும்போது நீர் தெரியவில்லை என்பதற்காக அதைத் தாண்டவில்லை என்று முடிவு கட்டிவிட்டால் தொலைந்தோம். நீரைத் தேடாமல் நிலத்தின் தாழ்வைத் தேடுங்கள். சதுப்பு நிலத்துக்கு இது நல்ல காலம். மழைக்காலத்தில் முழங்கால்வரை இழுக்கும் இடம் இப்போது இறுகி வேகமான தரையாக இருக்கலாம். முதல் நாளிலேயே ஒரு சதுப்பை மிதித்துப் பார்த்தால் அந்த வாரத்தின் நிலைமை தெரிந்துவிடும்.

நீண்ட பாதைகளில் குடிநீர் வைக்கும் இடங்களை வரைபடத்தில் ஊதா நிறக் குவளைச் சின்னத்தால் காட்டுவார்கள். வரைபடத்தைக் கையில் வாங்கியதும் முதலில் அந்தக் குவளை எங்கே என்று பாருங்கள். அங்கே நின்று குடியுங்கள். ஓடிக்கொண்டே குடித்தால் பாதி கீழே சிந்தும். ஒரு குவளை வாய்க்கு, ஒரு குவளை தலைக்கு. நிற்கும் அந்த அரை நிமிடத்தில் அடுத்த இரண்டு கன்ட்ரோல்களின் வழியையும் படித்துவிடுங்கள். நின்ற நேரம் வீணாகாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும் பிரிவில் ஓடினால் இடுப்பில் சிறிய பாட்டிலும் ஒரு சர்க்கரைக் கூழ்ப் பொட்டலமும் இருக்கட்டும்.

ஸ்லோவேனியாவில் ஜூலையில் நடக்கும் ஓஓ கப் போன்ற போட்டிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே சுண்ணாம்புக்கல் நிலம். மழைநீர் நிலத்துக்குள் இறங்கிவிடுவதால் தொப்பி நனைக்க ஓர் ஓடைகூடக் கண்ணில் படாது. நூற்றுக்கணக்கான குழிகளில் இறங்கி ஏற வேண்டும். ஆழமான குழியின் அடியில் குளிர்ந்த காற்று தங்கியிருக்கும். அடுத்த வழியை அங்கே நின்றே படியுங்கள். பாட்டில் இல்லாமல் அந்தக் காட்டுக்குள் போகாதீர்கள்.

ஒரே கல்லை வரைபடத்தில் மூன்றாம் முறை தேடுகிறீர்களா, கன்ட்ரோல் எண்ணைப் பார்த்த மறுநொடியே மறக்கிறீர்களா? அப்போது நில்லுங்கள். நிழலில் பத்து மூச்சு. அதன் பிறகு நேர்வழியை விட்டுவிட்டு வேலி, பாதை, பெரிய சரிவு என்று தவறவிட முடியாத அடையாளங்களை மட்டும் பிடித்துப் போங்கள்.

முடிவுக் கோட்டுக்குப் பிறகு

ஓட்டம் முடிந்த முதல் ஒரு மணி நேரம் அடுத்த நாளுக்குச் சொந்தமானது. கன்ட்ரோல்களில் பதிவு செய்யும் மின்னணுக் கட்டையிலிருந்து பதிவை இறக்கிக் கொடுத்ததும் நிழலுக்குப் போங்கள். மரத்தடியில் நண்பர்களோடு ஒவ்வொரு கன்ட்ரோலையும் அலசுவது இந்த விளையாட்டின் பெரிய இன்பம், அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். காலணியைக் கழற்றிவிட்டு, கையில் குடிக்க எதையாவது வைத்துக்கொண்டு அலசுங்கள்.

இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர், சில மணி நேரத்தில், சிறிது சிறிதாக. வெறும் தண்ணீராக ஒரே மூச்சில் குடித்தால் பெரும்பகுதி சிறுநீராகப் போய்விடும். உப்பு உடன் சேர வேண்டும். ஓஆர்எஸ் பொட்டலங்களை ஊரிலிருந்தே கொண்டுபோகலாம். ஸ்வீடன் கடைகளில் ஃபில்ம்யோல்க் என்ற புளித்த பால் எங்கும் கிடைக்கும். தண்ணீர் விட்டுக் கலக்கி உப்புப் போட்டால் நம் நீர்மோர்தான். சோறு வடிக்க அடுப்பு இருந்தால் தயிர்சாதமும் ஊறுகாயும் போல இந்த வாரத்துக்குப் பொருந்திய உணவு வேறில்லை. மாவுச்சத்து, புரதம், உப்பு மூன்றும் அதில் இருக்கின்றன. வெப்ப அலைக் காலத்தில் வெளியில் நெருப்பு மூட்டத் தடை போடுவார்கள். எந்த அடுப்புக்கு அனுமதி உண்டு என்று முகாமில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்தானது. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி, குழப்பம் என்று போய் உயிருக்கே உலைவைக்கும். காலையில் எழுந்து சிறுநீர் கழித்ததும் எடை பாருங்கள். முதல் நாள் எடையைவிடக் குறைந்திருந்தால் உப்போடு குடியுங்கள். கூடியிருந்தால் தாகத்துக்கு மட்டும் குடியுங்கள்.

கால் வலிக்கிறது என்று ஐபுப்ரூஃபன் மாத்திரை போட்டுக்கொண்டு மறுநாள் ஓடும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. நீரிழந்த உடம்பில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். வேண்டாம். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள், குறிப்பாக நீர் பிரிக்கும் மாத்திரை எடுப்பவர்கள், புறப்படுமுன் மருத்துவரிடம் இந்த வாரத்தைப் பற்றிச் சொல்லி ஆலோசனை கேளுங்கள்.

தூக்கத்தைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. அந்த அட்சரேகையில் ஜூலை இரவு சில மணி நேரம்தான், வடக்கே போனால் முழு இருட்டே வராது. விடிகாலை ஐந்து மணிக்கே கூடாரம் வெயிலில் வேகத் தொடங்கும். காலை வெயிலை மறைக்கும் மரத்துக்கு மேற்கே கூடாரத்தை அடியுங்கள். கண்ணுக்குக் கறுப்புத் துணி, காதுக்கு அடைப்பான். தூக்கம் குறைந்தவருக்கும், முந்தைய நாள் வெயிலில் வாடியவருக்கும் மறுநாள் ஹீட் ஸ்ட்ரோக் அபாயம் கூடுகிறது. பல நாள் போட்டியில் வெயிலின் கடன் இப்படித்தான் சேர்ந்துகொண்டே போகிறது. ஓய்வு நாளில் ஊர் சுற்றி அந்தக் கடனைக் கூட்டிக்கொள்ளாதீர்கள். ஏரியில் நீந்துங்கள், பகலில் ஒரு மணி நேரம் தூங்குங்கள்.

கடைசிக் கட்டத்தில் பல பிரிவுகளுக்குத் துரத்தல் ஓட்டம். நான்கு கட்டங்களின் மொத்தத்தில் முன்னிருப்பவர் முதலில் கிளம்புவார், மற்றவர்கள் அவரவர் பின்தங்கிய நேரத்துக்கு ஏற்பப் பின்னால் கிளம்புவார்கள். முன்னே ஓடுகிறவரின் முதுகு கண்ணில் படும். களைத்த உடம்பு வரைபடத்தை விட்டுவிட்டு அந்த முதுகைப் பின்தொடர்ந்துவிடும். பக்கத்துப் பாதைகளில் வேறு கன்ட்ரோல்களும் இருப்பதால், கொடியில் உள்ள எண்ணை ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள்.

விட வேண்டிய நேரம்

வெயிலில் ஓடிக்கொண்டிருக்கும்போது குளிர் நடுக்கமோ மயிர்க்கூச்சமோ வந்தால், வியர்த்த உடம்பு திடீரென உலர்ந்தால், தள்ளாட்டம் வந்தால் அந்தக் கட்டம் முடிந்தது. அருகில் உள்ள பாதைக்கு வாருங்கள். நகர முடியாவிட்டால் நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊதுங்கள். ஓட்டத்தை விட்டாலும் முடிவுக் கோட்டுக்குப் போய் மின்னணுக் கட்டையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். இல்லையென்றால் உங்களைத் தேடி ஆட்கள் அதே வெயிலில் காட்டுக்குள் போவார்கள். வழியில் யாராவது விழுந்து கிடந்தால் நின்று உதவுவது இந்த விளையாட்டின் கட்டாய விதி.

விழுந்தவர் பேச்சு குழறினால், கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் ஹீட் ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்வீடனில் 112க்கு அழையுங்கள். உதவி வரும்வரை காத்திருக்காமல் அந்த நொடியே குளிர்விக்கத் தொடங்குங்கள். ஏரியோ தொட்டியோ பக்கத்தில் இருந்தால் தலையைத் தாங்கிப் பிடித்து உடம்பைக் கழுத்துவரை குளிர்நீரில் அமிழ்த்துங்கள். இல்லையென்றால் நீரை ஊற்றி ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

காய்ச்சலோ தொண்டை வலியோ இருந்தால் தொடக்கத்துக்கே போகக் கூடாது. ஆயிரக்கணக்கானவர்கள் தங்கும் முகாமில் சளி பரவுவது எளிது. 1979க்கும் 1992க்கும் இடையில் ஸ்வீடனில் 16 இளம் ஓரியன்டீரிங் வீரர்கள் திடீரென இதயம் நின்று இறந்தார்கள். பலருக்கு இதயத் தசையில் அழற்சி இருந்தது. நோய்த்தொற்றின் மீது சந்தேகம் விழுந்தது. உயர்மட்டப் போட்டிகளைச் சில மாதங்கள் நிறுத்திவைத்த அந்நாட்டுச் சம்மேளனம், நோய்த்தொற்றோடு பயிற்சியோ போட்டியோ வேண்டாம் என்று வீரர்களுக்கு அறிவுறுத்தியது.

ஹீட் ஸ்ட்ரோக் தொடங்கும்போது அது பிடித்தவருக்கே தெரியாது, பக்கத்தில் இருப்பவர்தான் கண்டுபிடிப்பார். ஆகவே குடும்பத்தோடு போகிறீர்கள் என்றால், இந்தக் கடைசிப் பகுதியை மட்டுமாவது புறப்படுமுன் அவர்களையும் படிக்கச் சொல்லுங்கள்.